இரண்டு நிமிடம் மட்டுமே பறக்கும் விமான சேவை உண்மையா? அந்தத் தூரத்துக்குப் படகு போதாதா?

உண்மைதான். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுக்கூட்டத்தில், வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேவுக்கு லோகன்ஏர் என்ற நிறுவனம் 1967 முதல் விமானம் ஓட்டுகிறது. தூரம் சுமார் 2.7 கிலோமீட்டர். அட்டவணையில் போட்டிருப்பது இரண்டு நிமிடம். காற்று ஒத்துழைத்தபோது 53 நொடியிலேயே போய்ச் சேர்ந்ததும் உண்டு.

நான் போனதே அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான். ஐலண்டர் என்ற குட்டி விமானம். எட்டுப் பயணிகள், ஒரு விமானி, அவ்வளவுதான். உள்ளே நடைபாதை கிடையாது. கார் மாதிரி பக்கவாட்டுக் கதவைத் திறந்து நேரே இருக்கையில் ஏற வேண்டும். யார் எங்கே உட்காருவது என்பதை உங்கள் எடை தீர்மானிக்கும் (கூச்சப்பட்டுப் பயனில்லை). கிளம்பியதும் போனை எடுத்து வீடியோ போட்டேன். கடல் தெரிந்தது, அடுத்து ஒரு புல்வெளி, சக்கரம் தரையில் இடித்தது. எனக்குப் பக்கத்தில் மடியில் அட்டைப்பெட்டியோடு இருந்த பெண்மணி ஜன்னல் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அவரைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அவர் வந்தது வெஸ்ட்ரேயிலிருந்து இல்லை, கிர்க்வாலிலிருந்து. ஆர்க்னியின் தலைநகர் அது. பெரிய மருத்துவமனை, மேல்நிலைப் பள்ளி, கடைத்தெரு எல்லாம் அங்கேதான். அங்கே கிளம்பும் விமானம் போகிற வழியில் வெஸ்ட்ரேயில் நின்று ஆளை இறக்கிவிட்டுப் போகிறது. நாம் 'உலகின் மிகக் குறுகிய விமானப் பயணம்' என்று கொண்டாடுவது உண்மையில் இரண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடுவே உள்ள தூரம்! பாப்பா வெஸ்ட்ரேயில் நூறு பேர்கூட இல்லை. டிக்கெட் காசில் இந்த சேவை ஓடாது. உள்ளாட்சி மன்றம் மானியம் கொடுத்து ஓட்ட வைக்கிறது. சாலை போடுவதற்குச் செலவழிக்கிற மாதிரிதான்.

இதே நிறுவனம் ஸ்காட்லாந்துக்கு மேற்கே உள்ள பாரா தீவில் கடற்கரை மணலிலேயே விமானத்தை இறக்குகிறது. ஓடுபாதை அலை ஏறினால் முழுகிவிடும் என்பதால் அங்கே அட்டவணையை எழுதுவது கடல்தான். அதில் இன்னும் போனதில்லை.

படகு போதாதா என்று கேட்டிருந்தீர்கள். நான் திரும்பும் நாளில் கடல் மூடுபனி, விமானம் வரவில்லை. சின்னப் படகில் வெஸ்ட்ரேவுக்கு 25 நிமிடம். பிறகு தீவின் மறுகோடிக்குப் போய், பெரிய படகைப் பிடித்து, கிர்க்வாலுக்கு இன்னும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்.