அடி பட்டதா இல்லையா, யார் சொல்வது?
"இடைக்காலப் போர் விளையாட்டில் யார் செத்தார் என்று நடுவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் கண்டுபிடிப்பதே இல்லை. 1966-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் தொடங்கிய, இடைக்கால வாழ்க்கையை மீண்டும் நடித்துப் பார்க்கும் எஸ்.சி.ஏ. (சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம்) அமைப்பின் கவசச் சண்டையில், அடி வாங்கியவர்தான் அதைச் சொல்ல வேண்டும். வாள் என்பது தடித்த பிரம்பு. தலையிலோ மார்பிலோ அழுத்தமாக விழுந்தால், செத்ததாகக் கணக்கிட்டு அவரே கீழே சாய்ந்துவிடுவார். காலில் பட்டால் மண்டியிட்டுச் சண்டையைத் தொடர்வார். மார்ஷல்கள் எனப்படும் நடுவர்களின் முக்கிய வேலை பாதுகாப்பு, "ஹோல்ட்!" என்று யார் கத்தினாலும் களம் அப்படியே நின்றுவிடும்.

ஒருவருக்கொருவர் மோதும்போது இது எளிது. பென்சில்வேனியாவில் நடக்கும் பென்சிக் போர் என்ற எஸ்.சி.ஏ. விழாவில் நூற்றுக்கணக்கானோர் மோதும்போதுதான் சோதனை. முன்வரிசை கேடயத்தோடு கேடயம் ஒட்டி நிற்கும். பின்னாலிருந்து ஈட்டிகள் தோள் இடுக்கு வழியாகப் பாயும். தலைக்கவசத்தின் முகக் கம்பியில் ஈட்டி முனை லேசாகத் தட்டினாலே சாவுதான். அந்த நெரிசலில் அது குத்தியவருக்கே தெரியாமல் போகலாம், வாங்கியவருக்குத் தெரியும். தான் விழுந்தால் கேடயச் சுவரில் ஓட்டை விழும், அணி உடையும் என்று தெரிந்தும் "செத்தேன்" என்று சொல்லிச் சாய்கிறவரைத்தான் நான் நல்ல வீரர் என்பேன்.

எதிராளி அடியை மறைக்கிறார் என்று தோன்றினால்? களத்தில் கத்தாதீர்கள். அப்புறம் தனியாகப் போய்க் கேளுங்கள். அடி கவசத்தில் வழுக்கிப் போயிருக்கலாம்.