பனங்காட்டுக்குப் பட்டா போதுமா?

கேள்வி: மூக்கையூர்ப் பக்கம் கடலை ஒட்டி ஒன்றரை ஏக்கர் பனங்காடு விலைக்கு வருகிறது. விற்பவர் பட்டாவைக் காட்டுகிறார். பத்திரம் அப்பா பெயரில் இருந்தது, தொலைந்துவிட்டது என்கிறார். ரிசார்ட் கட்டலாம் என்கிறார் தரகர். வாங்கலாமா?
- வாசகர், சாயல்குடி

தம்பி, பதிவு அலுவலக வாசலில் உட்கார்ந்து நாற்பது வருடம் பத்திரம் எழுதியவன் நான். பட்டா வருவாய்த்துறைக் கணக்கு. உரிமையைத் தருவது பத்திரம்தான். தொலைந்ததற்குப் பதிவு அலுவலகத்தில் நகல் கிடைக்கும். அதைக்கூட வாங்கித் தராதவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். வில்லங்கச் சான்றிதழை 1975 முதல் இணையத்திலேயே எடுக்கலாம். இந்துக் குடும்பமாக இருந்து, அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால் மகனுக்குள்ள அதே பங்கு மகளுக்கும் தாய்க்கும் உண்டு. விற்பவருக்கு அக்கா தங்கை எத்தனை பேர் என்று ஊர் டீக்கடையில் விசாரியுங்கள். வாரிசுச் சான்றிதழை அதன் பிறகு பார்க்கலாம்.

ரிசார்ட்டா? கிராமக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தில் நீர் எட்டும் எல்லை) 200 மீட்டருக்குள் பொதுவாகப் புதுக் கட்டடத்துக்கு அனுமதி இல்லை. அதற்கப்பால் 500 மீட்டர் வரையிலும் கட்டுப்பாடு உண்டு. பனையை வெட்டவும் ஆட்சியர் அனுமதி வேண்டும். தரகர் இதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டார்.

கேள்வி: 2004இல் என் நிக்காஹ்வின்போது, எங்கள் ஊர் வழக்கப்படி வாப்பா எனக்கு வீடு கொடுத்தார். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டார்; பதிவு செய்யவில்லை. வாப்பா மௌத்தான பிறகு காக்காமார் (அண்ணன்மார்) இருவரும் பங்கு கேட்கிறார்கள்.
- வாசகி, கீழக்கரை

அம்மா, பதிவில்லை என்பதாலேயே அந்தத் தாள் செல்லாமல் போய்விடாது. முஸ்லிம்களின் ஹிபாவுக்கு, அதாவது தானத்துக்கு, பதிவு கட்டாயமில்லை, எழுதி வைத்திருந்தாலும்கூட. 2011இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. (இந்துக் குடும்பத்துத் தானத்துக்கு இது பொருந்தாது.) ஆனால் மூன்று விஷயம் நடந்திருக்க வேண்டும்: அவர் கொடுத்தேன் என்றது, நீங்கள் ஏற்றது, வீட்டை ஒப்படைத்தது. வழக்கு மாட்டிக்கொள்வது மூன்றாவதில்தான். வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் கடைசிவரை வாப்பா பெயரிலேயே இருந்திருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடிப்பார். அன்று முதல் நீங்கள் குடியிருந்ததைக் காட்ட ரேஷன் அட்டை, எரிவாயு ரசீது என்று கிடைப்பதையெல்லாம் சேருங்கள். நிக்காஹ்வில் இருந்த பெரியவர்கள் நடமாடும்போதே அவர்கள் சாட்சியை எழுதி வாங்குங்கள். ஹிபா நின்றால் காக்காமாருக்கு அந்த வீட்டில் பங்கே இல்லை. நிற்காவிட்டால் உம்மாவுக்கு எட்டில் ஒன்று போக, ஆளுக்கு உங்களைப்போல் இரு மடங்கு அவர்களுக்கு. பதிந்துவிடுங்கள் என்று நான் சொன்ன எத்தனையோ வீடுகளில், "வாப்பா சொல் போதாதா?" என்று என்மேல் கோபித்திருக்கிறார்கள்.

கேள்வி: துபாயில் இருக்கிறேன். தேவிபட்டினத்து மனையை விற்கத் தம்பிக்குப் பவர் கொடுத்தால் போதுமா?
- வாசகர், துபாய்

போதும். இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்புங்கள். இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். பவர் எழுதும்போது புல எண்ணையும் உட்பிரிவையும் குறிப்பிடுங்கள். "என் சொத்து அனைத்தும்" என்று மட்டும் எழுதாதீர்கள்.