கையில் கிடைப்பதையெல்லாம் கழற்றிப் பார்க்கும் பிள்ளையை என்ன செய்வது?

ஒன்பது வயது மகன், ரோச் லைட், ரேடியோ, மின்விசிறி என்று வீட்டிலுள்ள எல்லாவற்றையும் கழற்றிப் போடுகிறான், இந்த ஆர்வம் அவனை எங்கேயாவது கொண்டுபோய்ச் சேர்க்குமா, அல்லது இப்போதே அடக்கி வைக்க வேண்டுமா என்று ஒரு தாய் இங்கே கேட்டிருக்கிறார். நானும் அப்படி ஒரு பிள்ளையாக இருந்தவள்தான். இன்று பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படிக்கிறேன். கோல்ப் போட்டிகளிலும் ஆடுகிறேன். இரண்டுக்கும் தொடக்கம் ஒரே ஒரு பந்து. அதனால் அந்தப் பந்தின் கதையையே பதிலாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் இலங்கையின் வடக்கே கிளிநொச்சிப் பக்கம், உருத்திரபுரம். அப்பா வாட்டர் பம், லான்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) திருத்தும் கடை வைத்திருந்தவர். 2009இல் போரின் கடைசியில் எல்லோரையும் போல நாங்களும் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போய், செட்டிகுளத்தில் மெனிக்பாம் முகாமில் இருந்து, அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பினோம். எனக்கு அப்போது பத்து வயது. வீட்டுக்குக் கூரை இல்லை. காணிக்குப் போகும் ஒழுங்கை ஓரமெல்லாம் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள். பள்ளிக்கூடத்துக்கு ஒரு குழு வந்து மிதிவெடி, கைக்குண்டு, வெடிக்காத எறிகணை எல்லாவற்றின் படங்களையும் காட்டியது. தெரியாத பொருளைக் கண்டால் தொடாதே, கிட்டப் போகாதே, வந்த வழியாலேயே திரும்பிப் போய்ப் பெரியவர்களிடம் சொல். இதை நாங்கள் பாடல் மாதிரிப் பாடமாக்கினோம்.

புதிதாக ஒன்றைக் கண்டால் கை தானாக நீளும் பிள்ளைக்கு அது எவ்வளவு கடினமான பாடம் என்று யோசித்துப் பாருங்கள். மற்ற ஊர்களில் துருதுருப்பான பிள்ளை ஒரு மணிக்கூட்டைப் பழுதாக்கும். எங்கள் ஊரில் அந்தத் துருதுருப்பு காலையோ கண்ணையோ எடுத்துவிடும்.

அந்த வருடம் சித்தப்பா கொழும்பிலிருந்து வந்தார். அவர் அங்கே ஒரு கோல்ப் மைதானத்தில் புல் வெட்டும் வேலை செய்தார். குளத்துக்குள் விழுந்து கிடந்து எடுத்த பழைய பந்துகள் கொஞ்சத்தை ஒரு பையில் கொண்டுவந்து எங்களுக்கு விளையாடத் தந்தார். அம்மா அந்த நேரம் கிணற்றடியில் நின்றதால் இது அவருக்குத் தெரியாது. நான் முற்றத்து மண்ணில் குந்தியிருந்து, வெள்ளையாய், உருண்டையாய், உடம்பெல்லாம் குழியாய் இருந்த ஒன்றை உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்த அம்மா என் கையைக் கண்டதும் போட்ட சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. வாளியை எறிந்துவிட்டு ஓடிவந்தவர் பாதி வழியில் நின்றுவிட்டார். கிட்ட வந்தால் நான் பயத்தில் அதைக் கீழே போட்டுவிடுவேனோ என்ற பயம். "அசையாதை பிள்ளை, அசையாதை" என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றார். சித்தப்பா வந்து விளக்கிய பிறகும் அம்மாவின் கை நடுக்கம் நிற்க வெகு நேரம் எடுத்தது.

அன்று இரவு அப்பா எனக்கு ஒரு சட்டம் போட்டார். "நிலத்தில கிடக்கிற ஒண்டையும் தொடக்கூடாது. கடைக்குள்ள கிடக்கிற எல்லாத்தையும் கழற்றலாம். ஆனா, கழற்றினதைத் திருப்பிப் பூட்ட வேணும்." தன் பிள்ளை எதைத்தான் தொடலாம் என்று யோசித்து, அதற்கென்று ஓர் இடத்தை ஒதுக்கித் தந்தார். என் வாழ்க்கையில் யாரும் எனக்குச் செய்த பெரிய நன்மை இதுதான் என்று நினைக்கிறேன்.

சரி, பந்துக்கு வருகிறேன். "இதில ஏனப்பா குழி குழியா இருக்கு?" என்று கேட்டேன். "எனக்குத் தெரியாது. பாப்பம்" என்றார் அப்பா. வாசல் படலையின் இரண்டு கப்புக் கால்களிலும் பழைய சைக்கிள் ரியூப்பை இழுத்துக் கட்டி, பெரிய கெற்றப்போல் (கவண்) மாதிரி ஒன்று செய்தோம். ஒரு பந்தின் குழிகளுக்கெல்லாம் வாகனத்துக்குப் பூசும் பட்டியை நிரப்பி, காயவிட்டு, அரத்தாளால் தேய்த்து முட்டை மாதிரி வழுவழுப்பாக்கினேன். மற்றதை அப்படியே விட்டோம். இரண்டையும் ஒரே அளவு இழுத்து வெறும் வயலுக்குள் விட்டோம். வழுவழுப்பானது பல எட்டுக்கு முன்பே விழுந்துவிட்டது. நான் துள்ளிக் குதித்தேன். அப்பா குதிக்கவில்லை. "பட்டி பூசினதால பந்து பாரமாயிட்டுது. குழி இல்லாததால விழுந்ததோ, பாரத்தால விழுந்ததோ? ரெண்டையும் ஒரே நேரத்தில மாத்தினா எதெண்டு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார்.

அடுத்த கிழமை முழுக்க அதே வேலை. இன்னொரு பந்தை எடுத்து, பட்டி பூசாமல், குழி மறையும்வரை தேய்த்தேன். விரல் நுனி தோல் கழன்றது. நகைக்கடைத் தராசில் நிறுத்தால் இது தேய்க்காத குழிப் பந்தைவிட இலேசு. அதுவும் குறுகத்தான் விழுந்தது. பாரமான வழுவழுப்புப் பந்தும் கிட்ட விழுகிறது, இலேசான வழுவழுப்புப் பந்தும் கிட்ட விழுகிறது. அப்போதுதான் அப்பா, "அப்ப குழிதான் காரணம்" என்று ஒப்புக்கொண்டார். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்ட மனிதர் அவர். பின்னாளில் ஆய்வுகூடத்தில் "ஒரு மாறியை மட்டும் மாற்று" என்று விரிவுரையாளர் சொன்னபோது எனக்கு எங்கள் படலைதான் ஞாபகம் வந்தது.

ஏன் என்பதற்கான விடை கிடைக்கப் பத்து வருடம் பிடித்தது. பல்கலைக்கழகத்தில் காற்றும் நீரும் ஓடும் விதத்தைப் படிக்கும் பாய்ம இயக்கவியல் வகுப்பில் ஒரு வரைபு போட்டார்கள். காற்றில் போகும் உருண்டையை எதிர்க்கும் இழுவைக் குணகம் ஒரு வேகம்வரை ஏறக்குறைய மாறாமல் போய், சட்டென்று கீழே விழுகிறது. பந்தைத் தொட்டபடி ஓடும் மெல்லிய காற்றுப் படை சீராக ஓடினால் பந்தின் பக்கத்திலேயே கழன்றுவிடும். பின்னால் அகலமான சுழல் வெளி ஒன்று உண்டாகிப் பந்தைப் பின்னுக்கு இழுக்கும். குழிகள் அந்தப் படையைக் குழப்பிவிடுகின்றன. குழம்பிய படை பந்தை விடாமல் இன்னும் பின்னால்வரை ஒட்டிக்கொண்டு போகிறது. சுழல் வெளி ஒடுங்குகிறது. இழுவை ஏறக்குறையப் பாதியாகிறது. வழுவழுப்பான பந்துக்கு அந்தச் சரிவு மிகப் பெரிய வேகத்தில்தான் வரும். குழி அதை மனிதர் அடிக்கும் வேகத்துக்குள் கொண்டுவந்துவிடுகிறது. வகுப்பில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த தோழிக்கு ஏன் என்று விளங்கவில்லை.

இதை முதலில் கண்டுபிடித்தவர்கள் ஆடியவர்களே. 1848 அளவில் கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் பந்து வந்தது. புதுப் பந்தைவிட அடிபட்டுக் கீறல் விழுந்த பழைய பந்து நன்றாகப் போவதைக் கவனித்து, ஆட்கள் புதுப் பந்தையே கொத்திவிட்டு ஆடினார்கள். அப்புறம் 1905இல் வில்லியம் டெய்லர் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் குழிப் பந்துக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அதற்கு முன்பே எடின்பரோவில் பீட்டர் டெய்ட் என்ற இயற்பியலாளர், பின்சுழற்சிதான் பந்தை மேலே தூக்கி வைத்திருக்கிறது என்று காட்டியிருந்தார். அவருடைய மகன் ஃபிரெடி 1896இலும் 1898இலும் பிரித்தானிய அமெச்சூர் சாம்பியன். தகப்பனும் பிள்ளையும் ஒரு பந்தை வைத்து மண்டையைக் குழப்பியது எங்கள் வீட்டில் மட்டும் இல்லை என்று அறிந்தபோது சந்தோஷமாக இருந்தது.

ஆடத் தொடங்கியது சாதாரணதரப் பரீட்சை எழுதிவிட்டு இருந்த விடுமுறையில். திருகோணமலையில் மாமா வீடு. அங்கே சீனன்குடாவில் விமானப்படை நடத்தும் கோல்ப் மைதானம் ஒன்று இருக்கிறது. அம்மாவுக்கு அங்கே என்னை அனுப்புவது இலகுவாக இருக்கவில்லை. வன்னியில் இருந்தவர்களுக்கு அது விளங்கும், அதற்குமேல் இங்கே எழுத விரும்பவில்லை. மாமா கூட்டிப்போனார். சித்தப்பா தந்த பழைய ஏழாம் இலக்க இரும்புமட்டையால் நான் அடித்த முதல் பந்துகளில் ஒன்று வலப்பக்கம் வளைந்து, வெட்டாத புல்லுக்குள் போய் விழுந்தது. எடுக்கப் போனேன். வெட்டிய புல் முடியும் இடத்தில் என் கால் நின்றுவிட்டது. முன்னால் முழங்காலளவு புல். பாதை இல்லை. தரை தெரியவில்லை. பதினாறு வயது, மிதிவெடி இல்லாத இடம் என்று நன்றாகத் தெரியும், ஆனாலும் கால் எழவில்லை. மாமா ஒன்றும் கேட்காமல் எனக்கு முன்னால் நடந்தார். அவர் மிதித்த இடத்தில் மிதித்துக்கொண்டு நானும் போனேன். பந்து கிடைத்தது.

அதற்குப் பிறகு இந்த விளையாட்டை என்னால் விட முடியவில்லை. கோல்ப் என்றால் நான்கைந்து மணித்தியாலம் திறந்த நிலத்தில் நடப்பது, பந்து போன இடத்துக்கெல்லாம் போவது. எங்கள் ஊரில் பிறந்த ஒரு பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஊரில் மைதானம் ஏது? காலபோக அறுவடை முடிந்த வயலில் அடித்துப் பழகினேன். சூடடிக்கும் களத்தைச் சாணி போட்டு மெழுகி, பந்தை உருட்டிப் பழகினேன். கோல்ப் குழியின் விட்டம் 108 மில்லிமீற்றர். அப்பா நான்கு அங்குலப் பிவிசி குழாயில் ஒரு துண்டு வெட்டிக் களத்தில் புதைத்துத் தந்தார். அது உண்மையான குழியைவிடக் கொஞ்சம் ஒடுக்கம், அதில் போட்டுப் பழகியவளுக்கு மைதானத்துக் குழி விசாலமாகத் தெரிந்தது.

பந்தை உருட்டும் மட்டையையும் அப்பாவே செய்தார். அதன் பின்னால் ஒரு கதை இருக்கிறது. கார்ஸ்டன் சோல்ஹைம் என்று ஒருவர், நோர்வேயில் பிறந்து சின்ன வயதிலேயே அமெரிக்கா போனவர். செருப்புத் திருத்தும் தொழில் செய்து, பிறகு ஜெனரல் எலெக்ட்ரிக்கில் பொறியியலாளரானவர். நாற்பது வயதுக்குப் பிறகுதான் கோல்ப் ஆடத் தொடங்கினார். உருட்டும் அடி அவருக்கு வாய்க்கவில்லை. மட்டையின் பாரத்தை நடுவிலிருந்து எடுத்து இரண்டு ஓரங்களுக்கும் தள்ளினால், பந்து நடுவில் படாவிட்டாலும் மட்டை திரும்பாது என்று யோசித்து, 1959இல் வீட்டில் வைத்தே ஒரு மட்டை செய்தார். பந்தில் பட்டபோது எழுந்த "பிங்" என்ற சத்தமே அந்தக் கம்பனியின் பெயரானது. நான் இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். திரும்ப மறுக்கும் தன்மையான சடத்துவத் திருப்பம் என்ற சொல்லை விளக்கத் தொடங்கியபோது அப்பா இடைமறித்தார். "லான்ட்மாஸ்டர் பிளைவீலில பாரத்தை ஏன் விளிம்பில வைக்கிறாங்கள்? அதுதானே இது." அவ்வளவுதான், விளங்கிவிட்டது. பழுதான பம்முகளின் பித்தளைத் துண்டுகளை இரண்டு ஓரத்திலும் பொருத்திச் செய்து தந்தார். போட்டிகளுக்கு விதிப்படியான மட்டைதான் கொண்டுபோவேன். களத்தில் பழகுவது இன்றைக்கும் அதில்தான்.

போட்டிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேராதனைக்கு வந்த பிறகு திகனப் பக்கம் விக்டோரியா நீர்த்தேக்கக் கரையில் இருக்கும் மைதானத்தில் ஆட வாய்த்தது. பழைய மாணவர் ஒருவர் மட்டைகளை இரவல் தந்தார். செலவு பெரிய தடை, அதை மறைக்கக் கூடாது. முதற்போட்டியில் கடைசிக்கு முந்திய இடம். அதற்குப் பிறகு ஒவ்வொரு மட்டையாலும் நூறு பந்து அடித்து, விழுந்த தூரத்தைக் கொப்பியில் எழுதினேன். என் மிகச் சிறந்த அடியை வைத்துக் கணக்குப் போட்டு ஆடியதே தோல்விக்குக் காரணம் என்று அந்த எண்கள் காட்டின. சராசரியை வைத்து ஆடத் தொடங்கியதும் புள்ளிகள் குறைந்தன. கோல்பில் குறைவதுதான் நல்லது. இந்தியத் தொழில்முறைச் சுற்றில் வென்ற இலங்கையர் என். தங்கராஜாவின் பெயரைப் பத்திரிகையில் வாசிக்கும்போதெல்லாம், ஒரு தமிழ்ப் பெயர் அந்தப் பட்டியலின் மேலே இருக்க முடியும் என்பது எனக்கு ஊக்கமாக இருந்திருக்கிறது.

கேள்வி கேட்ட அம்மா, இனி உங்கள் மகனைப் பற்றி. அவனைத் தடுக்க வேண்டாம். ஆனால் மின்சாரத்தில் செருகியிருக்கும் எதையும் தொடக்கூடாது என்ற கோட்டைக் கடுமையாகப் போடுங்கள். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பெட்டி நிறையப் பழுதான சாமானும் ஒரு ஸ்குரூ டிரைவரும் அவனுக்குச் சொந்தமாகக் கொடுங்கள். திருப்பிப் பூட்டச் சொல்லுங்கள், முதலில் முடியாது, பரவாயில்லை. அவன் கேட்பதற்கு விடை தெரியாவிட்டால் "எனக்குத் தெரியாது, பாப்பம்" என்று சொல்லுங்கள். தெரிந்தமாதிரி ஒரு பதில் சொல்லி என் அப்பா அன்றைக்கு முடித்திருந்தால், நான் அந்தப் பந்தை மூலையில் போட்டிருப்பேன்.

அவன் பொறியியலாளனாக வருவானா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. என் தம்பியும் அதே கடைக்குள் வளர்ந்தவன்தான், அவனுக்கு ஒரு நட்டைக் கழற்றுவதில்கூட விருப்பமில்லை. கணக்கியல் படிக்கிறான், நன்றாகப் படிக்கிறான்.

போன விடுமுறையில் வீட்டுக்குப் போயிருந்தேன். வயல் வெட்டி முடிந்திருந்தது. பின்னேரம் ஒரு வாளிப் பந்தைக் கொண்டுபோய் அடித்துக்கொண்டு நின்றேன். வெயில் சாய்ந்து பந்து தெரியாமல் போனதும் பொறுக்கத் திரும்பினால், அறுத்த நெல்லின் ஒட்டுத்தாளுக்குள் அம்மா சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்து குனிந்து பந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். மடி நிறையச் சேர்த்துக்கொண்டு வந்து வாளிக்குள் கொட்டிவிட்டு, "ரெண்டு குறையுது, வரம்புக்கு அங்கால போயிருக்கும், நில்லு பாத்திட்டு வாறன்" என்று திரும்பிப் போனார்.