ஹோட்டல், லாட்ஜ் சட்டம்: கேளுங்கள், சொல்கிறேன்

ஹோட்டல்காரர்களுக்கும் ஆஜராகிறேன், அவர்கள் மேல் வழக்குப் போடுகிறவர்களுக்கும் ஆஜராகிறேன், அதனால் இரண்டு பக்கமும் திட்டு வாங்கிப் பழக்கம். முதலிலேயே ஒன்று: சுவரில் போர்டு மாட்டிவிட்டால் அது சட்டம் ஆகிவிடாது. ஜிஎஸ்டி கணக்கெல்லாம் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

மேடம், கல்யாண ரிசப்ஷனுக்குப் போன ஹோட்டலில் வாசலிலேயே சாவியை வாங்கிக்கொண்டார்கள். திரும்பி வந்தால் பம்பர் உடைந்திருக்கிறது. கேட்டால் டோக்கனைத் திருப்பிக் காட்டுகிறார்கள், ‘உரிமையாளர் பொறுப்பில்’ என்று இருக்கிறது.

டோக்கனைத் தூக்கிப் போடவில்லையே? நல்லது. 1998 ஆகஸ்ட்டில் டெல்லி தாஜ்மஹால் ஹோட்டலுக்கு ஒருவர் மாருதி ஜென்னில் போய், வாசலில் வண்டியை வாங்கி நிறுத்தும் வேலே ஆளிடம் சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போகிறார். வேறொரு வண்டியில் வந்த மூன்று பையன்களில் ஒருவன் மேஜை மேல் இருந்த இவருடைய சாவியை எடுத்து, வண்டியைக் கிளப்பி, காவலாளி தடுக்கத் தடுக்கப் போய்விட்டான். அந்த டோக்கனிலும் இதே வாசகம்தான் இருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனி பணத்தைக் கொடுத்துவிட்டு ஹோட்டல் மேல் வழக்குப் போட்டது, கடைசியில் 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஹோட்டல்தான் பொறுப்பு என்றது. சாவியை வாங்கிய நிமிடம் வண்டி ஹோட்டல் வசம் போய்விடுகிறது, ஒப்பந்தச் சட்டம் 151-வது பிரிவின்படி தன் பொருளைப் போலப் பார்த்துக்கொள்ள வேண்டும். கவனமாகத்தான் இருந்தோம் என்று நிரூபிப்பதும் அவர்கள் வேலை. தங்கள் அஜாக்கிரதையை டோக்கன் வாசகத்துக்குப் பின்னால் ஒளித்துவைக்க முடியாது. ஆனால் நீங்களே ஓட்டிப்போய் நிறுத்தி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டால் இந்த வாதம் அவ்வளவு சுலபமாக நிற்காது. பம்பரைப் போட்டோ எடுத்து, எழுத்தில் புகார் கொடுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 வருஷம் இருக்கிறது. புகார்க் கட்டணத்துக்கு நீங்கள் கோரும் தொகையைப் பார்க்க மாட்டார்கள், சேவைக்காக ஹோட்டலுக்குக் கொடுத்த தொகையைத்தான் பார்ப்பார்கள். அது 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது.

20 ரூபாய் தண்ணீர் பாட்டிலை ஏசி ஹாலில் 50 ரூபாய்க்கு விற்கிறார்கள். எம்ஆர்பிக்கு மேல் விற்பது குற்றம்தானே?

கடையில் விற்றால் குற்றம். உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் இல்லை. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: அங்கே நீங்கள் வாங்குவது பாட்டில் மட்டும் அல்ல, நாற்காலி, பரிமாறும் ஆள் எல்லாம் சேர்ந்த சேவை. சாதாரணத் தண்ணீர் கேளுங்கள், ஜக்கில் வரும்.

கல்யாணமாகாத ஜோடிக்கு ரூம் கொடுத்தால் போலீஸ் வருமா? சின்ன லாட்ஜ் வைத்திருக்கிறேன்.

வரலாம், ஆனால் சட்டம் அவர்கள் கையில் இல்லை. கோயம்புத்தூரில் இப்படி ஒரு விடுதிக்குச் சீல் வைத்த விஷயத்தில் 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம், கல்யாணமாகாதவர்கள் சேர்ந்து ரூம் எடுப்பதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று சொல்லி, சீலை எடுக்கச் சொன்னது. இருவருக்கும் 18 முடிந்திருக்கிறதா, ஐடி இருக்கிறதா, இருவர் பெயரும் ரிஜிஸ்டரில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ‘அனுமதி மறுக்கும் உரிமை எங்களுக்கு உண்டு’ என்று போர்டு வைத்திருப்பீர்கள், தெரியும். அரசியலமைப்பு 15(2) ஹோட்டல் என்று பெயர் சொல்லியே பேசுகிறது: மதம், சாதி, பால், பிறந்த ஊர் பார்த்து ஆளைத் திருப்பி அனுப்பக் கூடாது.

சராய் சட்டப்படி எந்த ஹோட்டலிலும் இலவசமாகத் தண்ணீர், டாய்லெட் கேட்கலாமாமே?

வாட்ஸ்அப்பா? 1867-ஆம் வருஷத்துச் சட்டம் அது, வழிப்போக்கர் தங்கும் சத்திரங்களைப் பதிவு செய்து சுத்தமாக வைக்கச் சொல்வது. மீறினால் அபராதம் 20 ரூபாய். மனிதாபிமானத்தைச் சொல்லிக் கேளுங்கள், சட்டத்தைச் சொல்லிச் சண்டை போடாதீர்கள்.

கோவையில் ரெஸ்டாரன்ட் நடத்துகிறேன். சர்வீஸ் சார்ஜ் 5% போடுகிறோம், மெனுவிலும் அச்சடித்திருக்கிறோம். இதில் என்ன தப்பு?

அச்சடித்திருப்பதுதான் போர்டு கதை. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்றது. ஹோட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் சரிதான் என்றது.

அப்பீல் போயிருக்கிறார்களே மேடம்? சாப்பிட வருகிறவர் மெனுவைப் பார்த்துவிட்டுத்தானே ஆர்டர் செய்கிறார், அது ஒப்பந்தம் இல்லையா?

அப்பீல் போயிருக்கிறார்கள், சரி. ஆனால் 2025 மார்ச்சில் உங்கள் ஒப்பந்த வாதத்தைத்தான் வைத்துத் தோற்றார்கள். தோசை 100 ரூபாய்க்குக் கட்டுபடியாகவில்லை என்றால் 105 என்று போடுங்கள், உங்கள் விலையை யாரும் கேட்கவில்லை. 100 என்று காட்டிவிட்டு, பில்லில் 5 சேர்த்து, அந்த 5-க்கும் ஜிஎஸ்டி வாங்குவதைத்தான் கேட்கிறார்கள்.

105 என்று போட்டால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள்! அது பையன்களுக்குப் போகிற பணம்.

அக்கா, நடுவில் வருகிறேன், நான் சர்வர் வேலை பார்த்தவன். பில்லில் சர்வீஸ் சார்ஜ் இருக்கும், எங்கள் கைக்கு அது வந்ததே இல்லை. அதைப் பார்த்துவிட்டு கஸ்டமர் டிப்ஸும் வைக்காமல் போய்விடுவார்.

எல்லாரும் அப்படி இல்லை தம்பி.

சரி, உங்கள் கடையில் அப்படி இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போது அந்த 5%-ஐ விலையில் சேர்த்து, சம்பளமாகக் கொடுப்பதில் என்ன கஷ்டம்? பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அதாவது முழு விலை முதலில் தெரியக் கூடாது. இதோடு விடுகிறேன். சாப்பிடுகிறவர்களுக்கு: எடுத்துவிடச் சொல்லுங்கள், மறுத்தால் பில்லோடு 1915-க்கு அழையுங்கள். பில் இல்லாமல் என்னிடமும் வராதீர்கள்.

தண்ணீர் பாட்டில் எம்ஆர்பி...

மேலே இருக்கிறது.

வெளிநாட்டுக்காரர் தங்கினால்?

24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல். ஒரு ராத்திரிதானே என்று விடாதீர்கள்.

மேடம், சினிமா தியேட்டரில் தண்ணீர் பாட்டில்...

தியேட்டர் என் ஏரியா இல்லை.

வாடகை கொடுக்காமல் கிளம்பினால் பெட்டியைப் பிடித்து வைக்கலாமா? எல்லா லாட்ஜிலும் செய்கிறார்கள்.

பாக்கிக்காகப் பொருளைப் பிடித்து வைக்கிறவர்கள் பட்டியல் ஒப்பந்தச் சட்டம் 171-இல் இருக்கிறது: வங்கி, உயர் நீதிமன்ற வக்கீல் என்று சிலர். லாட்ஜ் அதில் இல்லை. பட்டியலில் இல்லாதவர்களுக்கு வெளிப்படையான ஒப்பந்தம் வேண்டும் என்கிறது அதே பிரிவு. அதனால் ரூம் கொடுக்கும்போதே பதிவுப் படிவத்தில் அந்த வரியைப் போட்டு, அதற்குக் கீழே கையெழுத்து வாங்குங்கள், ரிசப்ஷன் சுவரில் ஒட்டினால் போதாது. அதைவிட லேசான வழி, அட்வான்ஸ் வாங்குவது. ஒரிஜினல் ஆதாரையும் பாஸ்போர்ட்டையும் மட்டும் டிராயரில் பூட்டி வைக்காதீர்கள், நகல் போதும்.