ஓர் ஆடிட்டரை நேரில் சந்திக்கும் மாணவர் அவருடைய தொழில் வாழ்க்கை பற்றி எதைக் கேட்க வேண்டும்?

பி.காம். இறுதியாண்டு படிக்கும் நீங்கள், கல்லூரி ப்ராஜெக்டுக்காக ஓர் ஆடிட்டரிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்கியிருப்பதாகவும், எவற்றைக் கேட்டால் ஆடிட்டராவதற்கான சி.ஏ. படிப்பைப் படிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க உதவும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். திருப்பூரில் பனியன் நிறுவனங்களுக்கு நடுவே அலுவலகம் நடத்தும் ஆடிட்டர் என்ற முறையில், கேள்வித்தாளோடு வரும் மாணவர்களைப் பல ஆண்டுகளாகச் சந்தித்து வருகிறேன். அவர்களில் பெரும்பாலோர் என் கருத்துகளைக் கேட்கிறார்கள். என் வேலையைப் பற்றிக் கேட்பவர்கள் மிகக் குறைவு. உங்களுக்குப் பயன்படப்போவது இரண்டாவதுதான்.

வெற்றிக்குக் காரணம் என்ன, இளைஞர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள் என்று கேட்டால் எந்த ஆடிட்டரும் உழைப்பு, நேர்மை, விடாமுயற்சி என்றுதான் சொல்வார். வக்கீலும் மருத்துவரும் அதையே சொல்வார்கள் என்பதால், இந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்று அந்தப் பதிலை வைத்து முடிவு செய்ய இயலாது. அதேபோல, சி.ஏ. தேர்வில் ஒவ்வொரு தாளிலும் 40 மதிப்பெண்ணும் மொத்தத்தில் 50 சதவீதமும் வேண்டும் என்பது, 2023-இல் வந்த புதிய திட்டத்தில் ஆடிட்டரிடம் பெறும் பயிற்சியான ஆர்ட்டிகிள்ஷிப் மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைந்தது, வணிகவியல் பட்டத்தில் 55 சதவீதம் எடுத்தவர் முதல்நிலைத் தேர்வான ஃபவுண்டேஷன் எழுதாமல் நேரடியாக அடுத்த நிலையான இன்டருக்குப் பதிவு செய்யலாம் என்பது போன்றவற்றை சி.ஏ. தேர்வுகளை நடத்தும் இன்ஸ்டிடியூட்டின் (ஐ.சி.ஏ.ஐ.) இணையதளத்தில் முன்பே படித்துவிட்டுப் போங்கள். கிடைத்த அரை மணி நேரத்தை அதில் செலவழிக்க வேண்டாம்.

முதல் கேள்வியாக, "போன மாதம் 1ஆம் தேதி முதல் கடைசி நாள் வரை உங்களுக்கு எப்படிப் போனது?" என்று கேளுங்கள். ஆடிட்டரின் வாழ்க்கையை நடத்துவது நாள்காட்டிதான். மாதந்தோறும் 7ஆம் தேதிக்குள், பிறருக்குப் பணம் தரும்போது பிடித்த வரியான டி.டி.எஸ்.-ஐக் கட்ட வேண்டும், 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரமான ஜி.எஸ்.டி.ஆர்.-1 தாக்கலாக வேண்டும், 20ஆம் தேதிக்குள் மாத வரிக் கணக்கான ஜி.எஸ்.டி.ஆர்.-3பி தாக்கல் செய்து வரியைக் கட்ட வேண்டும். இவற்றுக்கு மேல், ஜூலை இறுதியில் சம்பளக்காரர்களின் வருமான வரிக் கணக்குகள், செப்டம்பர் 30-க்குள் வரித் தணிக்கை அறிக்கைகளும் கம்பெனிகளின் பொதுக்குழுக் கூட்டங்களும், அக்டோபர் 31-க்குள் தணிக்கைக்கு உட்பட்டவர்களின் கணக்குகள் என்று வரிசையாக வரும். ஊரில் கொலு வைக்கும் நாட்களில் எங்கள் அலுவலகங்களில் இரவு பத்து மணிக்கும் விளக்கு எரிவது இதனால்தான். புரட்டாசி மாதத்தில் குடும்பத்தோடு எங்காவது போய்வர முடிந்ததா என்று கேட்டுப் பாருங்கள். தொழிலுக்கும் குடும்பத்துக்கும் இடையிலான சமநிலை பற்றிப் பொதுவாகக் கேட்பதைவிட அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் கிடைக்கும். சந்திக்கும் நாளைக் குறிக்கும்போதும் இந்தத் தேதிகளை மனத்தில் வையுங்கள். ஜூலை, செப்டம்பர், அக்டோபர் மாதங்களைத் தவிர்த்து, மற்ற மாதங்களில் 20ஆம் தேதி கழிந்த பிறகு போனால் அவர் நிதானமாகப் பேசுவார்.

அடுத்து, மேசைமேல் இருக்கும் ஒரு வேலையைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள். சென்ற ஆண்டு வந்த ஒரு மாணவி, "மேடம், இப்போது எதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டாள். ஒரு சிறிய நிட்டிங் யூனிட்டின் கொள்முதல் பட்டியலை, விற்றவர்கள் காட்டிய பில்களை வைத்து ஜி.எஸ்.டி. தளம் தரும் 2பி அறிக்கையோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். பெயரையும் ஜி.எஸ்.டி. எண்ணையும் ஒரு தாளால் மறைத்துவிட்டுக் காட்டினேன். 12 லட்ச ரூபாய்க்கு நூல் வாங்கி, 5 சதவீதமாக 60,000 ரூபாய் வரியையும் சேர்த்து மில்லுக்குக் கட்டியிருக்கிறார் யூனிட்காரர். மில் தன் ஜி.எஸ்.டி.ஆர்.-1-இல் அந்த பில்லைக் காட்டாததால், 14ஆம் தேதி வந்த 2பி-யில் அது இல்லை. அதில் வராத வரியை, தாம் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.-யில் இவர் கழித்துக்கொள்ள முடியாது. ஏற்கெனவே கொடுத்த 60,000 ரூபாயை, கூலி போட வேண்டிய வாரத்தில் மீண்டும் கையிலிருந்து கட்டியாக வேண்டும். அதை அவருக்குத் தொலைபேசியில் சொல்லிப் புரியவைப்பதும், மில்லின் கணக்குப் பிரிவைக் கூப்பிட்டு அடுத்த மாதமாவது அந்த பில்லை ஏற்ற வைப்பதும் ஆடிட்டர் அலுவலகத்து வேலைதான். எண்களைச் சரிபார்ப்பது மட்டுமே இந்தத் தொழில் என்று நினைத்து வந்த அந்த மாணவி, பாதி நேரம் மனிதர்களிடம் பேசுவதில் கழிகிறது என்பதை அன்று கண்ணால் பார்த்தாள். சிலருக்கு அது பிடிக்கும், சிலருக்குப் பிடிக்காது. உங்களுக்கு எது என்பதை நீங்களும் நேரில் பார்த்துத்தான் அறிய முடியும்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் கருதும் கேள்வி, கையெழுத்தைப் பற்றியது. "கையெழுத்துப் போட மறுத்த சந்தர்ப்பம் உண்டா? அதன் பிறகு என்ன நடந்தது?" என்று தயங்காமல் கேளுங்கள். வங்கியில் சி.சி. லிமிட் என்ற தொழில் கடன் வரம்பைப் புதுப்பிக்கும் சமயத்தில், இருப்புச் சரக்கின் மதிப்பைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படி கேட்பவர்கள் உண்டு. சரக்கையும் வரவேண்டிய பாக்கியையும் வைத்துத்தான் வங்கி பணம் தருகிறது என்பதால், அவர்களுடைய நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனால் 2019 முதல் நாங்கள் கையெழுத்திடும் சான்றிதழ், தணிக்கை அறிக்கை ஒவ்வொன்றுக்கும் யு.டி.ஐ.என். என்ற 18 இலக்க எண் வாங்க வேண்டும். அதை வைத்து வங்கி நேரடியாகச் சரிபார்த்துக்கொள்ளும். அந்த எண் வருவதற்கு முன்பும் தவறு தவறுதான். நான் மறுத்ததால் பல ஆண்டுகள் என்னிடம் இருந்த ஒரு வாடிக்கையாளர் வேறு இடத்துக்குப் போனார். அந்த வருமான இழப்பும், அதன் பிறகு ஊரில் எதிர்ப்படும்போது ஏற்படும் சங்கடமும் இந்தத் தொழில் வாழ்க்கையின் பகுதிகளே என்பதை நுழைவதற்கு முன்பே அறிந்துகொள்வது நல்லது.

வருமானத்தை நேரடியாகக் கேட்கக் கூச்சமாக இருந்தால், ஃபீஸ் எப்படி முடிவாகிறது, எப்போது கைக்கு வருகிறது என்று கேளுங்கள். சிறு நிறுவனங்கள் தீபாவளி போனஸைக் கொடுத்து முடித்த பிறகே எங்களுக்குத் தருவார்கள். அதுவரை அலுவலக வாடகையையும் ஊழியர் சம்பளத்தையும் நாங்கள்தான் சமாளிக்க வேண்டும். சொந்தமாகத் தொழில் தொடங்க நினைப்பவருக்கு ஆண்டு வருமானத் தொகையைவிட இந்தத் தகவல் பயன்படும்.

பெண்களுக்கு இந்தத் துறை சரிப்படுமா என்று மாணவிகள் என்னிடம் கேட்கிறார்கள். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்று, 1933-இல் கணக்கியல் பட்டயத் தேர்வில் தேறி, சென்னையில் தொழில் நடத்திய ஆர். சிவபோகம் 1955 முதல் 1958 வரை இன்ஸ்டிடியூட்டின் தென்னிந்திய மண்டலக் குழுவுக்குத் தலைவராகவே இருந்திருக்கிறார். ஆகவே சரிப்படுமா என்று கேட்பதை விட்டுவிட்டு, வெளியூர் ஆடிட்டுக்குப் போகும்போது தங்குமிடம் எப்படி, பிரசவ காலத்தில் வாடிக்கையாளர்களை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று நடைமுறையைக் கேளுங்கள்.

ஒரு கட்டுப்பாட்டையும் தெரிந்துகொண்டு போங்கள். வாடிக்கையாளரின் விவரங்களை அவர் அனுமதியில்லாமல் வெளியிடுவது சட்டப்படி எங்களுக்குத் தொழில் ஒழுக்கக் கேடு. விளம்பரம் செய்வதற்கும் வரம்புகள் உண்டு. எனவே மேசையைப் படம் எடுப்பதோ, அலுவலகப் பெயரோடு புகழ்ந்து பதிவிடுவதோ வேண்டாம். ஒலிப்பதிவு செய்வதானால் முதலிலேயே அனுமதி கேளுங்கள்.

கிளம்புவதற்கு முன், வெளி அறையில் இருக்கும் ஆர்ட்டிகிள் மாணவர்களோடு பத்து நிமிடம் பேசலாமா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். இரண்டு ஆண்டுகளில் நீங்கள் உட்காரப்போகும் நாற்காலி அவர்களுடையது. எங்களுக்கு அந்த நாட்கள் எப்போதோ கழிந்துவிட்டன. பரீட்சைக்கு எத்தனை நாள் விடுப்பு கிடைக்கிறது, தணிக்கை, ஜி.எஸ்.டி., வருமான வரி ஆகிய மூன்றையும் கற்றுத் தருகிறார்களா அல்லது வவுச்சர் எனும் செலவுச் சீட்டுகளைப் பார்த்து டிக் அடிப்பதிலேயே காலம் போகிறதா, உதவித்தொகை பஸ் கட்டணத்துக்கும் சாப்பாட்டுக்கும் போதுமா என்பவற்றை அவர்களிடம் கேளுங்கள். நல்ல அலுவலகமாக இருந்தால், நீங்கள் அவர்களோடு பேசும்போது ஆடிட்டர் தம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உங்களைத் தனியே விட்டுவிடுவார்.