அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

கே: 'அசல் உடன்குடி கருப்பட்டி' என்ற விளம்பரத்தை நம்பி இரண்டு கிலோ 900 ரூபாய்க்கு வாங்கினேன். வெளிறிப்போய் இருக்கிறது, உடைத்தால் சீனிப் பரல் மின்னுகிறது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய். ஏமாந்துவிட்டேனா? (அம்பத்தூர் வாசகி)

ப: சீனி கலந்திருக்கவே வாய்ப்பு அதிகம். தவறு உங்களுடையதில்லை, அம்மா. பதநீரோடு சீனியைச் சேர்த்துக் காய்ச்சி விற்பவர்களைத் தென்மாவட்டங்களில் அதிகாரிகள் பலமுறை பிடித்திருக்கிறார்கள். சாப்பிடாதீர்கள், தூக்கியும் போடாதீர்கள். ரசீது, கவர், உடைத்த கட்டியின் படம் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லுங்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் எழுதுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட, பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. இன்னொன்று: அசல் கருப்பட்டியிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான், அதாவது சீனியில் இருக்கும் அதே சர்க்கரை. அம்மாவுக்கு அதுவும் வேண்டாம்.

கே: ஆன்லைனில் வாங்கிய ஈ-சிகரெட் இரண்டே நாளில் நின்றுவிட்டது. பணம் திரும்பக் கிடைக்குமா?

ப: 2019 முதல் இந்தியாவில் அதை விற்பதே குற்றம். பணத்தை மறந்துவிடுங்கள்.

கே: அப்பாவுக்குச் 'சர்க்கரை சேர்க்காத' பிஸ்கட்தான் வாங்குகிறோம். தாராளமாகச் சாப்பிடலாம் அல்லவா?

ப: கூடாது. இதே தவறை நான் ஒரு வருடம் செய்தேன். மருந்துக்கடையில் கூடுதல் விலைக்கு வாங்கிய பிஸ்கட்டை என் அப்பா தினமும் டீயோடு நாலு சாப்பிடுவார். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி ஏறிக்கொண்டே போனது. ஒரு நாள் பாக்கெட்டின் ஒட்டு மடிப்பைப் பிரித்து, லென்ஸ் வைத்துப் படித்தேன். முதலில் மைதா, மூன்றாவது மால்டோடெக்ஸ்ட்ரின். எடையில் எது அதிகமோ அதுதான் பட்டியலில் முதலில் வர வேண்டும் என்பது விதி. மைதா வயிற்றுக்குள் போனால் குளுக்கோஸ்தான். மால்டோடெக்ஸ்ட்ரின் என்பது மாவுச்சத்தை உடைத்துச் செய்த பொடி. அவ்வளவாக இனிக்காது, ஆனால் ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். 'சுகர் ஃப்ரீ' என்று போட 100 கிராமில் சர்க்கரை 0.5 கிராமைத் தாண்டக் கூடாது. மாவைப் பற்றி அந்த விதியில் பேச்சே இல்லை. நோயாளியின் பயத்தைக் காசாக்கும் வார்த்தை முன்பக்கம் பெரிதாக, மைதா மட்டும் மடிப்புக்குள் பொடி எழுத்தில்! இதை என்னால் பொறுக்க முடிவதில்லை. 'கார்போஹைட்ரேட்' வரியைப் பாருங்கள். 100 கிராமுக்கு 65, 70 என்று இருந்தால் அது சாதாரண பிஸ்கட்டேதான்.

கே: ஆஃபரில் ஒரு பெட்டி மாம்பழ ஜூஸ் வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் 100 மி.லி.யில் 13 கிராம் சர்க்கரை என்று பார்த்தேன். கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை.

ப: அவர் ஏன் எடுக்க வேண்டும்? அச்சிட்டிருந்ததை நீங்கள் படிக்கவில்லை. 200 மி.லி. குடித்தால் 26 கிராம், ஆறு ஸ்பூனுக்கு மேல். பெரியவர்களுக்கே நாள் முழுவதற்கும் சுமார் 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைகளுக்குத் தினமும் கொடுத்துத் தீர்க்காதீர்கள்.

கே: சிகரெட்டை விடுவதற்காகக் கணவர் நிகோட்டின் சூயிங்கம் மெல்கிறார். விக்கல், நெஞ்செரிச்சல். போலியா?

ப: மெல்லும் முறை தவறாக இருக்கலாம். விடாமல் மென்றால் நிகோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் இப்படித்தான் படுத்தும். மெதுவாகச் சில முறை மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்க வேண்டும். காரம் போனதும் மறுபடி மெல்லலாம். அதற்குக் கால் மணி முன்பிருந்தே காபி, ஜூஸ் வேண்டாம். அடிமையாக்குவது நிகோட்டின்தான், ஆனால் புற்றுநோய் பெரும்பாலும் புகையிலுள்ள மற்ற நச்சுகளால் வருவது. அதனால் பயந்துபோய் சூயிங்கத்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். 2 மி.கி. சீட்டில்லாமல் கிடைக்கும், 4 மி.கி.க்கு மருத்துவர் சீட்டு வேண்டும். அட்டையில் எது என்று பாருங்கள். நெஞ்சுவலி, இதயநோய் ஏதாவது இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். விடுவதற்கு இலவச ஆலோசனை: 1800-11-2356.