டார்ச் செல் துத்தநாகம் சாயக்கழிவு நீரைச் சுத்தமாக்குமா?

கேள்வி: திருப்பூர் அருகே சிறிய சாயப்பட்டறை நடத்துகிறேன். தீர்ந்துபோன டார்ச் செல்களிலிருந்து துத்தநாக ஆக்சைடு எடுத்து, வெயிலின் துணையோடு சாயக்கழிவு நீரைச் சுத்தப்படுத்தலாம் என்று கேள்விப்பட்டேன். இது எங்களுக்குப் பயன்படுமா?

பதில்: நீரின் நிறத்தைக் குறைக்கப் பயன்படும்; ஆனால் உங்கள் பட்டறையின் பெரிய சிக்கலான உப்பை அது தொடவே தொடாது. சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டபோது, நொய்யல் ஆற்றில் கலந்த நிறம் மட்டுமல்ல, உப்பும் வழக்கின் மையத்தில் இருந்தது. டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள உப்பு முதலான திடப்பொருள்களின் மொத்த அளவு) வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். கண்ணாடி போலத் தெளிந்த நீரிலும் அது பல மடங்கு மிஞ்சியிருக்கலாம். ஆகவே உப்பைச் சவ்வு வழியே பிரிக்கும் ஆர்.ஓ.வுக்கும், மிஞ்சும் உப்புநீரை வற்றவைக்கும் ஆவியாக்கிக்கும் இது மாற்று ஆகாது.

சாதாரண டார்ச் செல்லின் உட்கூடு துத்தநாகத் தகடு. அதை நீர்த்த அமிலத்தில் கரைத்து, வடிகட்டி, சலவைச் சோடா (சோடியம் கார்பனேட்) சேர்த்தால் வெள்ளைப் படிவு இறங்கும். அந்தப் படிவை நன்கு கழுவி உலர்த்தி 400 முதல் 500 டிகிரி செல்சியஸில் சுட்டால் துத்தநாக ஆக்சைடு கிடைக்கும். கரைக்கும்போது ஹைட்ரஜன் வெளியேறுவதால் அருகில் நெருப்பு கூடாது. இந்தப் பொடியின் மீது புற ஊதா ஒளி பட்டால், எலக்ட்ரான்கள் மேல்நிலைக்குத் தாவ, அவை விட்டுச்சென்ற வெற்றிடங்கள் நீரிலிருந்து ஹைட்ராக்சில் தனியுறுப்புகளை, அதாவது எதனோடும் உடனே வினைபுரியும் துகள்களை, உண்டாக்குகின்றன. சாய மூலக்கூறுகளை உடைப்பவை பெரும்பாலும் இவையே.

இடர்ப்பாடு ஒளியிலேயே தொடங்குகிறது. துத்தநாக ஆக்சைடின் ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரான் மேல்நிலைக்குத் தாவத் தேவையான ஆற்றல்) ஏறத்தாழ 3.3 எலக்ட்ரான் வோல்ட் என்பதால், சுமார் 380 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமே அதைத் தூண்டும். வெயிலில் அத்தகைய ஒளி நூற்றுக்கு ஐந்து பங்கு அளவுதான். அடர்ந்த சாயநீர் அந்தக் கொஞ்சத்தையும் மேற்பரப்பிலேயே விழுங்கிவிடும். போதாததற்கு, சாயமேற்றச் சேர்த்த உப்பின் குளோரைடும் சோடாவின் கார்பனேட்டும் தனியுறுப்புகளைச் சாயத்துக்கு முன்பே பிடித்துக்கொள்கின்றன. எனவே இதை முதல் சாயத்தொட்டி நீருக்குப் பயன்படுத்துவது வீண்வேலை. நிறம் வெளிறிய கடைசி அலசல் நீரை ஆழமற்ற தொட்டியில் பரப்பிச் சோதித்தால் ஓரளவு பலன் இருக்கும். துத்தநாக ஆக்சைடு அமிலத்திலும் கடுங்காரத்திலும் கரையும் என்பதால் நீரை முதலில் நடுநிலைப்படுத்துங்கள். நீர்நிலைகளில் விடும் கழிவுநீரில் துத்தநாகம் லிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. பொடியை முழுதாக வடிகட்டாமல் ஆர்.ஓ.வுக்கு அனுப்பினால் சவ்வு அடைபடும்.

செல்லின் கருப்புப் பொடியையே ஒளிவினையூக்கி (ஒளி பட்டால் வினையைத் தூண்டும் பொருள்) என்று சிலர் விற்க வருவார்கள். அதிலுள்ள கரி சாயத்தை உறிஞ்சும். மாங்கனீசு டை ஆக்சைடு அமிலநீரில் ஒளியில்லாமலே சாயத்தைச் சிதைக்கும். இரண்டுக்கும் வெயில் தேவையில்லை. ஆகவே ஒரே நீரை இரண்டு பாத்திரங்களில் எடுத்து, ஒரே அளவு பொடி போட்டு, ஒன்றைக் கறுப்புத் துணியால் மூடி, மற்றதை வெயிலில் வைத்துக் கலக்குங்கள். இரண்டிலும் நிறம் ஒரே மாதிரி குறைந்தால் அங்கே ஒளிவினை நடக்கவில்லை. நிறம் போன பிறகும் சாயத்தின் உடைந்த துண்டுகள் நீரிலேயே தங்கலாம் என்பதால், சி.ஓ.டி. அளவையும் (நீரிலுள்ள மாசைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) ஆய்வகத்தில் பாருங்கள்.

சோதனைக்குப் பத்துப் பதினைந்து செல்கள் போதும். லித்தியம் செல்களையும் பொத்தான் செல்களையும் ஒருபோதும் பிரிக்காதீர்கள். பேரளவில் உடைப்பதென்றால், 2022 ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் மறுசுழற்சியாளராகப் பதிவு செய்ய வேண்டும்.